குஞ்சுக்குக் கதகதப்பு: பல்பைப் பார்க்காதீங்க, குஞ்சைப் பாருங்க!

பொரிச்ச குஞ்சுக்கு உடம்பில் மெல்லிய பூமுடி மட்டும்தான் இருக்கும். தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதற்கு இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளை வாங்கி வளர்த்தால் நாமதான் தாய். இதில் கோட்டை விட்டால், நல்ல தீவனம் போட்டும் குஞ்சு தேறாது.

50 குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ நாலடி அகலத்துக்கு வட்டமாக நிறுத்துங்க. மூலை இருக்கக் கூடாது. குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளவை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். தரையில் இரண்டு அங்குலம் உமி அல்லது கடலைத்தோல் பரப்பி, முதல் சில நாள் மேலே செய்தித்தாள் விரிக்கணும்.

குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 60 வாட் குண்டு பல்பு இரண்டு போதும். ஒன்று பீஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குஞ்சு வரும் முன்பே பல்பைப் போட்டு இடத்தைச் சூடாக்கி வைங்க.

குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேணும். பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கணும். பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாலே சூடு குறையும்.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சே சொல்லும்:

* பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர். பல்பை இறக்குங்க.
* ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். உயர்த்துங்க.
* எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் ஊதல் காற்று அடிக்குது. சாக்குக் கட்டுங்க.
* பரவலாக மேய்ந்து, படுத்துத் தூங்கினால் சூடு சரி.

பகலில் பார்த்தது போதாது. விடியற்காலையில்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். அப்போ ஒருமுறை எட்டிப் பாருங்க.

கரண்ட் போனால், வெந்நீர் ஊற்றி இறுக மூடிய பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி நடுவில் வைக்கலாம். மூடிய அறையில் கரித்தணல் வேண்டாம். புகை அடங்கினாலும் நச்சு வாயு வரும்.

இறகு முளைக்க முளைக்க முதலில் பகலில், அடுத்து இரவிலும் பல்பை நிறுத்தலாம். கோடையில் இரண்டு, மூன்று வாரத்தில் நிறுத்திவிடலாம். மழை, பனிக்காலத்தில் நாலு வாரம் வரை இரவுச் சூடு தேவைப்படும்.