கோசிரெவ்: ஒரு வானியலாளனும் இரு தீர்ப்புகளும்

1934 ஆம் ஆண்டில் இலண்டன் அரச வானியற் கழகத்தின் மாத வெளியீட்டில் ஒரே பொருள் பற்றிய இரு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒரு விண்மீனின் வளிமண்டலம் அதன் ஆரையோடு ஒப்பிடத்தக்க அளவுக்குப் பரந்திருக்குமாயின், அதனூடாக ஒளி எவ்வாறு வெளிப்படும் என்பதே அப்பொருள். கட்டுரையாசிரியருள் ஒருவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி புரிந்துவந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். மற்றவர் லெனின்கிராட் நகரைச் சேர்ந்த நிக்கொலாய் அலெக்சாந்திரொவிச் கோசிரெவ். இருவரும் இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்த இளைஞர்கள். முன்னவரின் வாழ்க்கையைத் தமிழ் வாசகர் ஓரளவு அறிவர். பின்னவரின் வாழ்க்கையை எடுத்துரைத்து, விஞ்ஞான உண்மையைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாவை அதன் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோசிரெவ் 1908 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். 1928 இல் லெனின்கிராட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, புல்க்கொவோ வானோக்கு நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1839 இல் நிறுவப்பட்ட அந்நிலையம் ருஷ்ய வானியலின் தலைமைப்பீடமாக விளங்கியது. அங்கு அவரது தோழராக அமைந்தவர் பிற்காலத்தில் உலகப்புகழ் எய்திய விக்தர் அம்பர்த்சுமியான். திடீரெனப் பேரொளி வீசும் நோவா விண்மீன்கள் வெளியே எறியும் வாயுவின் திணிவு எவ்வளவு என்பதை இருவரும் இணைந்து கணித்து, 1933 இல் ஜேர்மன் ஆய்விதழொன்றில் வெளியிட்டனர்.

1934 ஆம் ஆண்டுக் கட்டுரையின் சிறப்பு யாது? அதுவரை விண்மீனின் வளிமண்டலத்தைத் தட்டையான மெல்லிய படையாகக் கொண்டே கணிப்புகள் செய்யப்பட்டன. சூரியனைப் பொறுத்தவரை இக்கொள்கை பொருத்தமானதே. ஆனால் வுல்ஃப்-றயே விண்மீன்கள் எனப்படும் வெப்பமிகு விண்மீன்களைச் சூழ்ந்த வாயுப் போர்வை மிகப் பெரிது. ஆதலின் அதன் கோளவடிவைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கணிக்குமிடத்து, ஒரே விண்மீன் ஒரு முறையால் அளக்கும்போது குளிர்ந்ததாகவும் வேறொரு முறையால் அளக்கும்போது மிக வெப்பமானதாகவும் தோன்றும் புதிருக்கு விளக்கம் கிடைத்தது.

அதே 1934 ஆம் ஆண்டில், புல்க்கொவோவின் பணிப்பாளர் பொரிஸ் கெராசிமொவிச்சின் அழைப்பின் பேரில் சந்திரசேகர் அங்கு சென்றார். வெண்குறளி விண்மீன்கள் பற்றிய தமது கணிப்பைத் துல்லியமாகச் செய்து முடிக்குமாறு அவரை ஊக்கியவர் அம்பர்த்சுமியான். இங்கிலாந்து திரும்பிய சந்திரசேகர் அம்முடிவுகளை 1935 சனவரியில் அரச வானியற் கழகக் கூட்டத்தில் அறிவித்தபோது, அக்காலத்தின் பேரறிஞரான எடிங்டன் அவற்றை வெளிப்படையாக எள்ளி மறுத்தார். இளம் ஆய்வாளனுக்கு அது பெருங்காயம். எனினும் அந்த மறுப்பு கூட்டத்தோடும் ஆய்விதழ்ப் பக்கங்களோடும் நின்றது. சந்திரசேகர் தொடர்ந்து எழுதினார். காலம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

லெனின்கிராட்டில் நிகழ்ந்ததோ வேறு. 1936 இன் இறுதியில் அந்நகர வானியலாளர் பலர் அடுத்தடுத்துக் கைதுசெய்யப்பட்டனர். ஒக்ரோபர் புரட்சியின் ஆண்டுநிறைவு கொண்டாடப்பட்ட நவம்பர் இரவில் கோசிரெவ் கைதானார். ஜேர்மன் உளவுத்துறையின் தூண்டுதலால் அமைந்த பயங்கரவாத இயக்கமொன்றில் வானியலாளர் சேர்ந்திருந்தனர் என்பது குற்றச்சாட்டு. பிறநாட்டு அறிஞரோடு கொண்ட தொடர்பே ஐயத்திற்குக் காரணமாயிற்று. 1937 மே மாதத்தில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சந்திரசேகரை வரவேற்ற கெராசிமொவிச் அதே ஆண்டு நவம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்டோருள் மீண்டு வந்தோர் மிகச் சிலரே.

சிறையில் கோசிரெவ் விண்மீன்களின் உட்கட்டமைப்பைப் பற்றிச் சிந்தித்தார். எழுதுவதற்குத் தாள் இல்லை; மேற்கொண்டு செல்வதற்கு அளவீட்டு எண்கள் வேண்டியிருந்தன. அந்நிலையில் வானியற் பௌதிக நூலொன்றின் இரண்டாம் பாகம், உணவு கொடுக்கும் துவாரத்தின் வழியே தற்செயலாக அவர் கைக்கு வந்ததென்றும், அது பறிக்கப்படுமுன் கிடைத்த இரு நாள்களில் வேண்டிய எண்களை அவர் மனனஞ் செய்தாரென்றும் சொல்செனிற்சின் தமது சிறைமுகாம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1939 இல் கோசிரெவ் வடதுருவ வட்டத்திற்கு அப்பாலுள்ள நொரில்ஸ்க் முகாமிற்கு அனுப்பப்பட்டார். 1942 இல் அவருக்கு மேலும் பத்தாண்டுகள் விதிக்கப்பட்டன. சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று, அண்டம் விரிவடைகிறது என்னும் கோட்பாட்டை அவர் ஆதரித்தார் என்பது. அக்கோட்பாட்டின் கணித அடிப்படையை 1922 இல் வகுத்தளித்தவர் கோசிரெவின் சொந்த நகரத்தவரான அலெக்சாந்தர் ஃபிரீட்மன் என்பதை நினைவுகூரும்போது இதன் அவலம் தெளிவாகும்.

வானியலாளர் கிரிகொரி ஷாயின் விடுத்த வேண்டுகோளின் பயனாக 1946 திசெம்பரிற் கோசிரெவ் விடுதலையானார். மூன்று மாதங்களுள், சிறையிற் கருக்கொண்ட ஆராய்ச்சியைக் கலாநிதிப் பட்டத்திற்குச் சமர்ப்பித்து நிறுவினார். விண்மீன்களின் சக்திக்கு அணுக்கருத் தாக்கம் காரணமன்று என்பது அதன் சாரம். பின்னர், காலம் என்பதே சக்தியைத் தோற்றுவிக்கும் ஒரு பௌதிக இயல்பு என்று அவர் வாதித்தார். 1958 இல் வெளியிட்ட நூலில் அதற்குக் ‘காரண இயக்கவியல்’ எனப் பெயரிட்டார். சுழலும் சக்கரத்தின் நிறை சுழற்சித் திசைக்கேற்ப நுண்ணிதாக மாறுகிறது என்பதே அவர் காட்டிய சான்று.

இக்கருத்தைச் செய்தித்தாள்கள் புகழ்ந்தெழுதின. அதற்கு மறுமொழியாக 1959 நவம்பரில் கபீத்சா, தாம், ஆர்த்சிமொவிச் ஆகிய மூவர் ‘பிராவ்தா’வில் கடுங்கண்டனம் எழுதினர். அடுத்து அமைந்த அறிஞர் குழுவொன்று அவரது பரிசோதனைகளை ஆராய்ந்து, அவர் கூறிய விளைவு நிறுவப்படவில்லை என்று முடிவுசெய்தது. சூரியனின் சக்தி அணுக்கருத் தாக்கத்தாலேயே பிறக்கிறது என்பதை 1939 இல் பேதே வகுத்த விளக்கமும், பிற்காலத்து நியூத்திரினோ அளவீடுகளும் உறுதிப்படுத்தியுள்ளன. இவ்விடயத்திற் கோசிரெவ் தவறினார் என்பதே இன்றைய அறிவின் முடிபு.

ஆயினும் அவரது அவதானத் திறன் இதனாற் குறைந்துவிடவில்லை. 1958 நவம்பர் 3 ஆம் திகதி, கிரிமியாவிலுள்ள 50 அங்குலத் தெறிதொலைகாட்டியின் துணையோடு சந்திரனின் அல்பொன்சஸ் குழியை நோக்கியவேளை, அதன் நடுச்சிகரத்தில் ஒளி மிகுந்ததைக் கண்டு நிறமாலையைப் பதிவுசெய்தார். காபன் வாயுவின் பட்டைகள் அதில் தென்பட்டன. சந்திரன் முற்றாக இறந்த உலகம் என்று கருதப்பட்ட காலம் அது. எரிமலைச் செயற்பாடு என்ற அவரது விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. எனினும் 1965 இல் ‘ரேஞ்சர் 9’ விண்கலம் அக்குழியை நோக்கியே ஏவப்பட்டது. 1971 இல் ‘அப்பலோ 15’ விண்கலத்தின் கருவி, சந்திரனின் வேறோரிடத்தில் றேடன் வாயு கசிவதைக் கண்டது. 1970 இல் சர்வதேச விண்ணோட்டவியற் கழகம் கோசிரெவுக்குப் பொற்பதக்கம் அளித்தது. அவர் 1983 பெப்ரவரியிற் காலமானார். சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேயே.

கோசிரெவ் மீது இரு தீர்ப்புகள் வழங்கப்பட்டன. 1937 ஆம் ஆண்டுத் தீர்ப்பு சான்றை நாடவில்லை. ஒரு மனிதனை அழிக்க முற்பட்டது. 1958 இல் அரசே அதனைத் தவறென ஏற்று அவரைக் குற்றமற்றவராக்கியது. அறிஞர் குழுவின் தீர்ப்போ அளவுகோலையும் தராசையும் கையிற் கொண்டது. அது நிலைத்து நிற்கிறது. முதலாவதன் கொடுமையைக் காட்டி இரண்டாவதையும் அதனோடு சேர்த்துக் கண்டிப்போர் உளர். அது பிழை. துன்பமுற்றவன் கூற்று என்பதனால் ஒரு கோட்பாடு மெய்யாகிவிடாது. பொய்த்த கோட்பாட்டினன் என்பதனால் அவன் பட்ட துன்பம் நியாயமாகிவிடவும் மாட்டாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. விண்மீன்களின் சக்தி பற்றிய பெருவிவாதம் நடைபெற்ற ஆண்டுகளிற் கோசிரெவ் தனிச்சிறையிலும் பனிவெளியிலும் இருந்தார். அவரது எண்ணத்தை உடனுக்குடன் மறுத்துரைக்க ஒரு தோழனும் அருகில் இல்லை. சந்திரசேகருக்கு ஓர் எடிங்டனேனும் வாய்த்தார். எதிர்ப்பேச்சு விஞ்ஞானிக்கு உணவு போன்றது. அடக்குமுறை கோசிரெவிடமிருந்து பறித்தவற்றுள் அதுவும் ஒன்று. முற்போக்குச் சிந்தனையின் பெயரால் நிகழ்ந்த இவ்விழப்பை மறைக்காது எடுத்துரைப்பது, அச்சிந்தனையில் நம்பிக்கை கொண்டோரின் முதற் கடமையாகும்.