கண் காண்கிறது, மனம் அறியவில்லை

சகோதரிகளே, அடுப்படியில் தொங்கும் அகப்பையைப் பார்த்ததும் அது அகப்பை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கண்தான் சொன்னது என்று நினைக்கிறோம். கண் தருவது நீளம், வளைவு, நிறம் மட்டுமே. அது சிரட்டையில் செய்தது, கறி கிண்டுவதற்குரியது என்பதெல்லாம் பல வருடப் பழக்கத்தில் மூளை சேர்த்து வைத்த அறிவு. அந்த அறிவு வந்து சேர்ந்தால்தான் பொருளை இனங்காண முடியும்.

1890இல் ஜேர்மனிய வைத்தியர் லிஸ்ஸாவர் 80 வயது வியாபாரி ஒருவரைப் பற்றி எழுதினார். படத்தைப் பார்த்து அப்படியே வரைவார். ஆனால் அது என்னவென்று அவருக்குத் தெரியாது. 1975இல் எலிசபெத் வாரிங்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 3 நோயாளரைப் பற்றி எழுதினார். அவர்களிடம் மங்கியிருந்தது பார்வையல்ல, பொருட்களைப் பற்றிய அறிவு.

இதை நான் நேரில் கண்டது மருதமுனையில் ஒரு வீட்டில். மூத்தம்மா கரண்டியை எடுத்துத் தலை வாரினாராம். கண் வைத்தியரோ பார்வையில் குறையில்லை என்று சொல்லிவிட்டார். “உம்மா வேணுமெண்டுதான் செய்றா, மிஸ்” என்று மகள் அழுதார். அழுகையில் கோபமும் இருந்தது. இரவு பகலாகப் பார்ப்பவர் அவர்தானே.

வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய புதுச் சாமான்கள் வீடு நிறைய இருந்தன. புதிய பாக்குவெட்டியை மூத்தம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கட்டிலுக்கடியில் கிடந்த, துருவேறிய பழையதைக் கையில் கொடுத்தோம். பெயர் கேட்டால் பதில் இல்லை. ஆனால் பாக்கைச் சீராகச் சீவினார். மகள் வாயடைத்துப் போனார்.

இது தற்செயலல்ல. இப்படி அறிவு மங்கியவர்கள், பிறருடைய பொருளைவிடத் தாங்கள் பழகிய அதே பொருளை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். எனவே பழைய சீப்பையும் கோப்பையையும் எறிய வேண்டாம். வைத்த இடத்தையும் மாற்ற வேண்டாம். ‘இது என்ன, சொல்லுங்க பாப்பம்’ என்று விருந்தாளிகள் முன்னால் பரீட்சை வைப்பது வெறும் வதை.

மண்ணெண்ணெய்ப் போத்தலும் பூச்சி மருந்தும் கைக்கெட்டாமல் இருக்கட்டும். அவை அவர் கண்ணுக்குக் குடிபானமாகத் தோன்றலாம்.

மெல்ல மெல்ல வரும் மறதியானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே நாளில் திடீரென்று இப்படியானால் பக்கவாதமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.