மலைக்கு மேலே ஒரு வானொலி நிலையம்



நம்ம மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணைக் கரையில் நின்று ரேடியோ போட்டால் ஏதாவது ஒரு நிலையம் கிடைத்துவிடும். அதே ரேடியோவை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து எஃப்.எம். போட்டுப் பாருங்கள். பல இடங்களில் 'கொர்ர்ர்' என்ற சத்தம்தான் வரும். ரேடியோ கெட்டுப் போச்சா? இல்லை. மலை மறைக்கிறது!

மலை ஏன் மறைக்கிறது?

எஃப்.எம். அலைகள் (88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ்) பெரும்பாலும் டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் போகும். நடுவில் 2,000 அடி, 3,000 அடி மலை நின்றால் அதன் நிழலில் இருப்பவர்களுக்கு அலை சரியாகச் சேராது. மத்திய அலை பரவாயில்லை. அது தரையை ஒட்டி வளைந்தும் போகும். ஆனால் அதில் இரைச்சல் அதிகம், இடி மின்னல் வந்தால் கேட்கவே முடியாது.

இதற்கு என்ன வழி? கார்த்திகை தீபத்தை நினைத்துப் பாருங்கள். தெருவில் விளக்கு ஏற்றினால் அந்தத் தெருவுக்குத்தான் தெரியும். திருவண்ணாமலை உச்சியில் ஏற்றினால் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும். உயரம் கூடினால் மறைப்பு குறையும். அப்படியானால் ஒலிபரப்பும் கோபுரத்தை வானத்திலேயே வைத்துவிட்டால்? அதுதான் செயற்கைக்கோள் வானொலி.

36,000 கி.மீ. உயரக் கோபுரம்

பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒரு முறை சுழல எடுக்கும் அதே நேரத்தில் ஒரு சுற்று சுற்றும். அதனால் கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். இதற்குப் புவிநிலைச் செயற்கைக்கோள் என்று பெயர்.

பாட்டு அங்கே போய் வருவது எப்படி?

1. ஒலியகம்: பாட்டும் பேச்சும் எண்களாக மாற்றப்படும். பிறகு சுருக்கப்படும். நம்ம ஊர் சர்க்கரை ஆலையில் கரும்பைப் பிழிந்து சக்கையைத் தள்ளிவிட்டு சாறு எடுப்பது போல, காது கண்டுகொள்ளாத ஒலிகளை விட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொள்வார்கள். எம்பி3 என்பது இதுதான்.

2. மேலே அனுப்புதல்: தரை நிலையத்தின் பெரிய தட்டு ஆண்டெனா அதை வானுக்கு அனுப்பும்.

3. செயற்கைக்கோள்: வந்து சேரும் அலை மிக மிக மெலிந்திருக்கும். அதை வலுவாக்கி, வேறு அலைவரிசைக்கு மாற்றி, கீழே அனுப்பும். ஏன் மாற்றணும்? மாற்றாவிட்டால் பலமாகக் கீழே இறங்கும் அலை, மெலிதாக மேலே வரும் அலையை அமுக்கிவிடும். இதற்கான மின்சாரம் சூரியப் பலகைகளிலிருந்து கிடைக்கிறது.

4. வானொலிப் பெட்டி: இதற்கென்று தனிப் பெட்டியும், வானத்தைப் பார்த்து வைக்கும் சின்ன ஆண்டெனாவும் வேண்டும். பெட்டி எண்களைத் திரும்ப ஒலியாக்கும்.

போக 36,000, வர 36,000, ஆக மொத்தம் 72,000 கி.மீ. ரேடியோ அலை நொடிக்கு 3,00,000 கி.மீ. போகும். 72,000-ஐ 3,00,000-ஆல் வகுத்தால் 0.24. கால் நொடி கூட ஆகாது!

இதிலும் ஒரு குறை உண்டு. கான்கிரீட் கூரைக்கு அடியிலும் அடர்ந்த மரத்துக்கு அடியிலும் அலை சரியாக வராது. ஜன்னல் ஓரத்திலோ மாடியிலோ ஆண்டெனாவை வைக்கணும்.

நம் தலைக்கு மேல் பாடிய 'ஏசியாஸ்டார்'

இது வெறும் கற்பனை இல்லை. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் 1990-இல் 'வேர்ல்ட்ஸ்பேஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவிய காலம் அது. நோயைப் பற்றிய தகவல் கிராமங்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்ற கவலைதான் அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது. 1998-இல் ஆப்பிரிக்காவுக்காக 'ஆஃப்ரிஸ்டார்', 2000 மார்ச்சில் ஆசியாவுக்காக 'ஏசியாஸ்டார்' என்று இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன.

ஏசியாஸ்டார் நின்ற இடம் கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகை. நம்ம பள்ளி மைதானத்தில் கிழக்கே பார்த்து நின்று, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, தலையைச் சுமார் 57 பாகை உயர்த்தினால் அந்தத் திசைதான். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் அலையைப் பெரும்பாலான மலைச்சரிவுகள் மறைக்காது.

இந்தியாவில் இதன் தலைமையிடம் பெங்களூர். தமிழ்ப் பாட்டுக்கு 'கே.எல். ரேடியோ', கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி' என்று தனித்தனி நிலையங்கள் இருந்தன. ஏ.ஆர். ரகுமான் விளம்பரத் தூதராக இருந்தார். விளம்பரத் தொல்லை இல்லாமல் தெளிவாகக் கேட்கலாம்.

ஆனால் சாதாரண ரேடியோவில் கேட்காது. தனிப் பெட்டி வாங்கணும், சந்தாவும் கட்டணும். கட்டாதவர்களுக்குக் கேட்காதபடி ஒலி பூட்டப்பட்டிருந்தது. அதனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள்தான். வருமானம் போதவில்லை. 2008 அக்டோபரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது.

இதைக் கவனியுங்கள் நண்பர்களே. அன்றைக்குச் செயற்கைக்கோள் கெடவில்லை, வீட்டில் இருந்த பெட்டியும் கெடவில்லை. இருந்தும் பெட்டி ஊமையாகிவிட்டது. கல்வராயன் மலை மீதும் அந்த அலை சுமார் ஒன்பது வருஷம் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அலை எட்டுவது வேறு, செய்தி போய்ச் சேருவது வேறு!

எங்கெல்லாம் பயன்படுகிறது?

* அமெரிக்கா: 'சிரியஸ் எக்ஸ்.எம்.' என்ற செயற்கைக்கோள் வானொலி கோடிக்கணக்கான கார்களில் ஒலிக்கிறது. உயரமான கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் தரையிலும் துணைக் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள். பல நூறு கி.மீ. கார் ஓட்டினாலும் நிலையம் மாறாது.

* இலங்கை: 2004 சுனாமிக்குப் பிறகு சர்வோதய இயக்கமும் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் கடலோரக் கிராமங்களில் வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டிகளை எச்சரிக்கைக் கருவியாகச் சோதித்தன. குறிப்பிட்ட ஊர்ப் பெட்டிகளுக்கு மட்டும் எச்சரிக்கையை அனுப்பவும் அதில் வசதி இருந்தது.

* நம்ம மீனவர்கள்: 2019-இல் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. செல்போன் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும். இதில் பாட்டு வராது, தகவல் மட்டும்தான்.

* வீட்டு டி.வி.: டிடி ஃப்ரீ டிஷ் (2004-இல் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கியது) வைத்திருப்பவர்கள் ரிமோட்டில் தேடினால் வானொலி நிலையங்களும் வரும். மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக முடியாதே!

கண்ணுக்குத் தெரியாத பாலம்

இன்னொரு பயன்பாடு பலருக்குத் தெரியாது. சென்னை வானொலியில் வாசிக்கும் மாநிலச் செய்தி அதே நொடியில் திருச்சி, மதுரை, கோவை, நெல்லை நிலையங்களிலும் கேட்கிறது அல்லவா? முன்பெல்லாம் சிற்றலையில் பிடித்து மறு ஒலிபரப்பு செய்வார்கள், இரைச்சலும் சேர்ந்தே வரும். 1983-இல் இன்சாட்-1பி மேலே போன பிறகு செயற்கைக்கோள் வழி இணைப்பு வளர்ந்தது. நிலையம் வரைக்கும் வானத்து வழி, அங்கிருந்து நம்ம வீடு வரைக்கும் தரை வழி. நம்மிடம் சாதாரண ரேடியோ இருந்தால் போதும், சந்தா வேண்டாம்.

இதே முறையில்தான் அகில இந்திய வானொலி பல ஊர்களில் 100 வாட் சிறிய எஃப்.எம். அஞ்சல் நிலையங்களை அமைத்தது. ஒரு தட்டு ஆண்டெனா மேலேயிருந்து நிகழ்ச்சியை வாங்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கோபுரம் அதை ஊருக்குக் கொடுக்கும். மலைப்பகுதிக்குப் பொருத்தமான வழி இதுதான். ஊருக்கு ஒரே ஒரு தட்டு இருந்தால், மாடு மேய்ப்பவர் கையில் இருக்கும் மலிவான ரேடியோவிலும் மழை எச்சரிக்கை கேட்கும். செல்போன் சிக்னல் போன புயல் நாளில் இதன் அருமை தெரியும்.

ஆகவே ஒரு கருவியைப் பற்றிப் படிக்கும்போது "எவ்வளவு உயரம்? எவ்வளவு தூரம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "கடைசி ஆளுக்குக் கிடைக்குமா? விலை என்ன? நிறுவனம் மூடினாலும் வேலை செய்யுமா?" என்றும் கேட்போம். அதுவும் அறிவியல்தான்!

செய்து பாருங்கள்: இருட்டு அறையில் மேசை மேல் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி வையுங்கள். அதுதான் மலை. அதன் பின்னால் ஒரு சாக்பீஸ் துண்டு. அதுதான் வீடு. டார்ச்சை மேசை மட்டத்தில் பிடியுங்கள், வீடு நிழலில் இருக்கும். மெல்ல மெல்ல டார்ச்சை உயர்த்துங்கள். எந்த உயரத்தில் வெளிச்சம் வீட்டைத் தொடுகிறது என்று அளந்து குறித்து வையுங்கள். பிறகு புத்தகத்துக்கு இந்தப் பக்கம் டார்ச், உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி என்று வைத்து வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவர முடியுமா பாருங்கள். அந்தக் கண்ணாடிதான் அஞ்சல் நிலையம்!