எண்ணிக்கையா, பயனா? – ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் படிப்பது எப்படி

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளரைத் தேடும் காலம் வந்துவிட்டால் விடுதி அறைகளில் ஒரே பேச்சுதான்: "அவருக்கு எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை 'ஏ' என்று கேட்பதைப் போலவே கேட்கிறோம். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை, உயிர்மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க விரும்புகிறேன்.

எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன?

ஓர் ஆய்வாளரின் கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் சான்றாகக் குறிப்பிடுவதே மேற்கோள். இதைக் கொண்டு ஆய்வாளரை அளக்க, 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 50, 18, 6, 4, 1 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருப்பதால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. இன்னொருவர் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 3,000 மேற்கோள் பெற்றாலும் அவருக்கு 1 மட்டுமே. சிக்கல் இங்கேயே தொடங்குகிறது அல்லவா?

நம் நாட்டு எடுத்துக்காட்டு

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவத் தொடங்கியது. பிறகு நெகிரி செம்பிலானுக்கும் சென்றது. முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதி, புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச்சில் நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த கிருமியை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அது உலகம் அதுவரை அறியாத நிப்பா வைரஸ் என்று தெரிந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தனர். கிருமி பன்றியிடமிருந்து வருகிறது என்று உறுதியான பிறகே சரியான தடுப்பு நடவடிக்கை முழுமையானது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

இந்தக் கண்டுபிடிப்பு 2000ஆம் ஆண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. அதில் சுவாவுடன் இருபதுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. பெரும்பங்கு ஆற்றியவருக்கும் சிறுபங்கு ஆற்றியவருக்கும் மேற்கோள் கணக்கில் ஒரே மதிப்புதான்.

அடுத்து, 2002இல் இரண்டு கட்டுரைகள். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து நிப்பாவைப் பிரித்தெடுத்தது ஒன்று. காடழிப்பும் 1997-98 எல் நினோ வறட்சியும் புகைமூட்டமும் வௌவால்களைப் பழத்தோட்டங்களுக்குத் துரத்தின என்று வாதிட்டது மற்றொன்று. இந்த இரண்டாவது கட்டுரை வெளிவந்தது நம் நாட்டு 'மலேசிய நோயியல் ஆய்விதழில்'. ஆனாலும் காட்டியல், சூழலியல், கால்நடை மருத்துவம், பொதுச் சுகாதாரம் எனப் பல துறையினரும் அதை எடுத்தாண்டனர். உள்ளூர் இதழ் என்பதால் கட்டுரை சிறுத்துவிடவில்லை.

மேற்கோள் என்பது பாராட்டு மட்டுமா?

இல்லை. 2012இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, பன்றிக் கொட்டகையும் மாமரங்களும் ஒரே பண்ணையில் இருந்ததையே முதன்மைக் காரணமாகக் காட்டியது. இப்படி ஒரு கருத்தை மறுப்பவரும் அதைக் குறிப்பிட்டே மறுக்க வேண்டும். மறுப்பும் கணக்கில் ஒரு மேற்கோள்தான்.

துறைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. மருத்துவத்தில் ஆய்வாளர்கள் மிகுதி, கட்டுரைகள் மிகுதி, ஒவ்வொன்றின் மேற்கோள் பட்டியலும் நீளம். கணிதத்தில் இவை குறைவு. ஆகவே மருத்துவரின் 30ஐயும் கணிதவியலாளரின் 12ஐயும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. வயதும் அப்படியே: எச்-இண்டெக்ஸ் ஏறும், இறங்காது, இளம் விரிவுரையாளருக்கு அது இயல்பாகவே குறைவு.

நமக்கு இதில் என்ன?

தோட்டப்புறத்திலிருந்து நகர்ப்புற அடுக்குமாடிக்கு வந்த நம் குடும்பங்களின் நீரிழிவைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்தால், அதை மேற்கோள் காட்ட உலகில் எத்தனை பேர் இருப்பார்கள்? தமிழில் எழுதினால் பன்னாட்டுத் தரவுத்தளத்தில் ஏறுவதே அரிது. எண்ணை மட்டும் பார்த்து மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தால், இத்தகைய ஆய்வுகளுக்கு மாணவரே கிடைக்கமாட்டார்கள். பிறகு, நம்மைப் பற்றிய தரவுகள் ஏன் இல்லை என்று நாமே மேடையில் கேட்டுக்கொண்டிருப்போம்.

எண்ணே வேண்டாம் என்பது என் வாதமன்று. எண்ணைப் பாருங்கள், அதன் பின் அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது திறந்து படியுங்கள். அதை யார் பயன்படுத்தினார்கள், எதற்காகப் பயன்படுத்தினார்கள், அவருடைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் என் மேற்பார்வையாளரை இப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.