மரம் விதித்த நேரம்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், சுங்கை சிப்புட்டிலிருந்து சிலிம் ரிவர் வரையில், நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கருக்கிருட்டில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தது, அவர்களுடைய தேகசுகத்தில் துரைமார் கொண்டிருந்த அக்கறையினால் அன்று. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பால்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். சூரியன் ஏறி, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அவ்வழுத்தம் தணிந்து, பால் வடிவது மந்தமாகிவிடும். ஆகவே விடியுமுன் சீவுவதே தோட்டத்துக்கு லாபம். அந்த லாபக் கணக்கின் ஓரத்தில், எவரும் உத்தேசிக்காமலே, தொழிலாளிக்கும் ஓர் அனுகூலம் கிட்டியது: உச்சி வெயிலுக்கு முன் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பலாம். அந்த வாழ்வின் மற்றக் கொடுமைகளை மறந்து இதைச் சொல்லவில்லை. வெயிலைப் பொறுத்த மட்டில், வேலையை நிறுத்தும் அதிகாரம் மரத்திடம் இருந்தது என்பதையே சொல்கிறேன்.

ரப்பருக்குப் பதிலாக வந்த செம்பனை அத்தகைய நேரம் எதையும் விதிப்பதில்லை. நடுப்பகலில் அறுத்தாலும் குலை விழத்தான் செய்யும். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிபெயர்ந்து, சாலையோரம் புல் வெட்டுகிறவருக்கும், கட்டடக் கம்பிகளின் மேல் நிற்கிறவருக்கும், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கும், புந்தோங்கில் தகரக் கூரையின் கீழ் அடுப்பருகே நின்று கச்சாங் பூத்தே வறுக்கும் அம்மாளுக்கும் நேரம் விதிக்க எந்த மரமும் இல்லை. மரம் செய்துவந்த காரியத்தை இனிச் சட்டந்தான் செய்தாக வேண்டும். அது எவ்வளவு தூரம் செய்கிறது என்பது வேறு விஷயம்.

முதலில் அபாயத்தைப் பார்ப்போம். மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச உஷ்ணம், 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் கண்ட 40.1 பாகை செல்சியஸ். பாலைவன தேசங்களோடு ஒப்பிட்டு, இது பெரிதில்லை என்று சிலர் அலட்சியமாகப் பேசுவதுண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நம் பிரதேசத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் தேகம் குளிர்வதில்லை. ஆதலால் 35 பாகையே இங்கே உயிருக்கு ஊறு செய்யக்கூடும். 2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவனும், 2024-இன் தொடக்கத்தில் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவரும் வெப்பத் தாக்கினால் மாண்டார்கள். இறந்த இருவரும் முதியவர்கள் அல்லர் என்பது கவனிக்கத் தக்கது.

வானிலை ஆய்வுத் துறை, ஓரிடத்தின் அதிகபட்ச உஷ்ணம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் எச்சரிக்கையும், 37-ஐத் தாண்டி 40 வரை போனால் வெப்ப அலை என்னும் இரண்டாம் எச்சரிக்கையும் விடுக்கிறது. முதல் நிலையிலேயே பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்பது கல்வி அமைச்சின் ஏற்பாடு. பிள்ளையை வெயிலில் ஓட்டப் பயிற்சிக்கு அழைத்தால், பெற்றோர் தயங்காமல் தலைமையாசிரியரைக் கேட்கலாம்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை முதல் அறிகுறிகள். நிழலில் படுக்கவைத்து, சிறிது சிறிதாக நீர் அருந்தச் செய்தால் பெரும்பாலும் தெளியும். ஆனால் ஒருவர் பேச்சுக் குழறி, இடம் பொருள் தெரியாமல் உளறினாலோ, வலிப்புக் கண்டாலோ, பிரக்ஞை இழந்தாலோ, அது வெப்பத் தாக்கு. வியர்வை இருக்கிறதே என்று எண்ணி ஏமாறக் கூடாது. உடனே 999-ஐ அழைத்துவிட்டு, வண்டி வருமட்டும் காத்திராமல், உடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்துண்போர், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரை உண்போர், வெயிற்காலத்துக்கு முன்பே வைத்தியரைக் கலந்துகொள்வது நலம். தாகத்துக்குத் தே தாரேக் குடிப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தச் சர்க்கரைக்குப் பதில் வெறுந் தண்ணீரே மேல்.

இனி உரிமைகள். 1994-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2024 ஜூன் 1 முதல், வீட்டு வேலை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, எல்லாப் பணியிடங்களுக்கும் பொருந்துகிறது. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் உண்டு. உடனடி அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதை நீக்க முதலாளி யாதொன்றும் செய்யாதபோது, அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கலாகாது. எனினும், இத்தனை பாகைக்கு மேல் வேலை நிற்க வேண்டும் என்ற வரம்பை அச்சட்டம் வகுக்கவில்லை. 2016-இல் வந்த வெப்ப அழுத்தம் பற்றிய வழிகாட்டி நிழல், தண்ணீர், ஓய்வு, புதியவரைப் படிப்படியாகப் பழக்குதல் ஆகியவற்றைப் பேசினாலும் அது வழிகாட்டியே. என் அபிப்பிராயத்தில் இது பெருங்குறை. குலை அறுப்பவருக்கு வேண்டியது ஆலோசனை அன்று, மணிக்கணக்கு.

அது வருமட்டும், கையிலுள்ளதைப் பயன்படுத்தலாம். வேலைச் சட்டப்படி, குறைந்தது 30 நிமிஷ ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இதை மீறினால் தொழிலாளர் இலாகாவிலும், பாதுகாப்புக் குறை இருந்தால் ஜேகேகேபி எனப்படும் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் ஈப்போ அலுவலகத்திலும் புகார் செய்யலாம். வேலையிடத்தில் மயங்கி விழுந்தவர், எந்த நேரத்தில், எந்த வேலையில், யார் பார்க்க விழுந்தார் என்பதை அன்றே எழுதிவைத்து, மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். வேலையில் நேர்ந்த விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. முதலாளியே இல்லாத அங்காடிக்காரரும் மோட்டார் சைக்கிள் இளைஞரும் 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சந்தா கட்டிச் சேரலாம். ஆனால் விழுந்த பிறகு கட்டும் சந்தா, முன்பு நேர்ந்த விபத்துக்கு உதவாது.