துடுப்பேந்திய நாயகி

வரலாற்று நாவல்களில் ஈடுபாடுடையோரை, அந்நூல்களில் நெஞ்சைவிட்டு நீங்காதவர் யாவர் என வினவினால், வாள்வீரரின் பெயர்களுக்கு முன்னே பெண்களின் பெயர்களே பெரும்பாலும் வரும். அதற்குக் காரணம் அழகு என்று கூறிவிடல் எளிது. ஆனால் அழகற்ற நாயகியை அந்நாவல்களிற் காண்டல் அரிது. ஆகவே அது விடையாகாது. தன் செயலைத் தானே துணியும் ஆற்றலே வாசகரை ஈர்ப்பது.

தமிழின் முதல் வரலாற்று நாவலெனக் கருதப்படுவது, திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மோகனாங்கி'. நாயக்கர் காலக் கதைக்கு மன்னன் பெயரைச் சூட்டாது நாயகியின் பெயரையே சூட்டினார் ஆசிரியர். 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலிற் பெண்ணுரிமைக்குப் பரிந்து பேசியவரும் அவரே. இதனை ஈழத்தவர் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

அவ்வழியிற் பின்வந்தவர்களுள் கல்கியே பெரும்புகழ் எய்தியவர். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதிலே குந்தவை வரலாற்றில் வாழ்ந்தவள். இராசராசன் தன் கொடைகளோடு தமக்கையின் கொடைகளையும் தஞ்சைப் பெருங்கோயிற் கல்லிற் பொறிப்பித்தான். அவளது அரசியல் நுட்பம் வியக்கத்தக்கதே. ஆயினும் அவளுக்கு அரண்மனை துணைநிற்கின்றது. கற்பனைப் படைப்பாகிய கோடிக்கரைப் பூங்குழலிக்கோ ஒரு படகும் இரு கைகளுமே துணை. வந்தியத்தேவனை ஈழக்கரை சேர்ப்பவள் அவள். புயலிற் சிக்கிய அருள்மொழியைக் கடலினின்று மீட்பவளும் அவளே. சோழநாட்டின் எதிர்காலம் ஓர் ஓடக்காரப் பெண்ணின் தோள்வலியைச் சார்ந்து நிற்கின்றது.

வாவியும் கடலும் அருகருகே அமைந்த பனிச்சங்கேணியில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எதிர்காற்றில் தோணி வலித்தல் எத்தகைய உழைப்பென்பதை அவர் அறிவர். மேலும், தாய்வழிக் குடிமுறை வேரூன்றி, வீடும் வளவும் மகளுக்கே சேரும் வழக்கமுள்ள மட்டக்களப்புப் பகுதியில், பிறர் தயவை நோக்காத பெண் கதையில் மட்டும் காணப்படுபவளல்லள்.

இத்தகைய துணிவுக்கு விலையும் உண்டு. தன்னை மீட்கவந்த மாமல்லனுடன் செல்ல மறுத்து, வாதாபியைச் சுட்டெரித்த பின்னரே வருவேனெனச் சபதமிட்டாள் சிவகாமி. சபதம் நிறைவேறியது; மாமல்லனோ வேறொருத்தியின் கணவனாகியிருந்தான். அவளுக்காக வாசகர் இரங்குவர். ஆயினும் அவள் தன் சொல்லை மீட்டுக்கொண்டிருக்கலாமென எவரும் விரும்பார்.

பூங்குழலியோ இறுதியிற் சேந்தன் அமுதனை மணந்து சோழநாட்டின் அரசியாகின்றாள். முடிசூடிய அவ்விடத்தில் அவள் சற்றே சிறுத்துவிடுகின்றாள் என்பதே உண்மை. வாசகர் மீண்டும் புரட்டித் தேடுவன, கோடிக்கரைக் கடலில் அவள் தனித்துப் படகு செலுத்தும் பக்கங்களையே.