எங்கள் அப்பாருமார் கண்ட யுத்தம் – 9: கல்கத்தாவின் இரவுக் காவல்

காவிரியின் அக்கரையில் ஈரோடும் இக்கரையில் பள்ளிபாளையமும் இன்று போலவே அன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்நாளில் சேலம் ஜில்லாவின் திருச்செங்கோடு தாலுகாவைச் சேர்ந்திருந்த நம் ஊரில் ஜப்பானியக் குண்டு ஒன்றும் விழவில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காகிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்ட செய்தி பரவி, சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களை நாடி ரயிலேறிய காலத்திலும், இங்கே கைத்தறிகள் நிற்கவில்லை. ஆயினும் இத்தகைய ஊர்களிலிருந்து புறப்பட்டு, யுத்தம் நடந்த இடங்களுக்கே சென்று சேவை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். "எங்க அப்பாரு பட்டாளத்துல இருந்தாரு" என்பதற்குமேல் அவர்களில் பலர் அறிந்தது சொற்பமே. எந்தப் பட்டாளம், எந்த ஊர், என்ன வேலை என்ற விவரங்களை ஒருவர் தேடி அறிவதே அம்முதியவருக்குச் செய்யும் முதல் மரியாதை என்று நான் கருதுவதால், இவ்வாரம் ஒரே ஒரு படைப்பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1942 டிசம்பர் 20ஆம் தேதி இரவு கல்கத்தாவின்மேல் ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாகக் குண்டு வீசின. சேதம் பெரிதல்ல, பீதி பெரிது. நகரத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். பகலில் திறமையாகப் போர் புரியக்கூடிய ஹரிக்கேன் விமானங்கள் அங்கே இருந்தும், இருளில் எதிரியைக் கண்டுபிடிக்கும் உபாயம் அவற்றுக்கு இல்லை. அக்குறையைத் தீர்ப்பதற்காக மத்தியக் கிழக்கிலிருந்து சில பியூஃபைட்டர் விமானங்கள் தருவிக்கப்பட்டு, 1943 ஜனவரி 14ஆம் தேதி டம்டம் விமான நிலையத்தில் ராயல் விமானப்படையின் 176ஆம் ஸ்குவாட்ரன் உருவாயிற்று.

அந்த விமானத்தின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். இரட்டை இயந்திரமும், நான்கு பீரங்கிகளும், ஆறு இயந்திரத் துப்பாக்கிகளும் கொண்ட அதில் இருவரே சென்றனர். முன்னால் விமானி, அவருக்குப் பின்னே, வெளியே வானத்தைப் பாராமல், தம் எதிரிலிருந்த இரண்டு சிறு திரைகளையே உற்றுநோக்கியபடி ரேடார் இயக்குபவர். எதிரி இடமா வலமா என்பதை ஒரு திரையும், மேலா கீழா என்பதை மற்றொன்றும் காட்டின. ஆனால் அக்கருவி வெளியிட்ட அலைகள் பூமியிலும் பட்டுத் திரும்பித் திரையை நிறைத்துவிட்டமையால், விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்ததோ அவ்வளவு தூரத்துக்கு அப்பால் இருந்த எதையும் காண இயலாது. பதினாயிரம் அடி உயரத்தில் பறந்தவனுக்கு மூன்று கிலோமீட்டர்தான் பார்வை! ஆகவே தரையிலிருந்த ரேடார் நிலையத்தார் வழிகாட்டி எதிரியின் சமீபத்தில் கொண்டுவிட, பிறகு பின்னிருந்தவர் "சற்று இடப்புறம்", "இன்னும் மேலே" என்று சொல்லிக்கொண்டே வர, கடைசியில் விமானி தம் கண்ணாலேயே எதிரியை அடையாளம் கண்ட பின்னரே சுட வேண்டும்.

ஸ்குவாட்ரன் பிறந்த மறுநாள் இரவே, அதிகாரிப் பதவி பெறாத ஆர்தர் பிரிங் என்ற விமானி சில நிமிஷங்களுக்குள் மூன்று குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். ஜனவரி 19ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் கிராம்பி, தம் விமானம் எதிரியின் குண்டு பட்டுத் தீப்பற்றியதும், பின்னிருந்த தோழரைப் பாரசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டு, எரியும் விமானத்தோடே தாக்குதலைத் தொடர்ந்து நடத்தி, இனி முடியாது என்ற கட்டத்திலேதான் தாமும் குதித்தார். யுத்தம் முடிந்த 1945 ஆகஸ்டு மாதத்திலேயே, தம் நாட்டில் ஒரு விமான விபத்தில் அவர் மாண்டார் என்பதைப் படிக்கும்போது மனம் கலங்குகிறது.

இவ்விருவரும் பதக்கம் பெற்றார்கள், சரித்திரத்தில் இடம் பெற்றார்கள், அது நியாயமே. எனினும் ஓர் இரவு விமானம் மேலெழுவதற்கு முன்னால், வங்காளத்தின் ஈரக்காற்றில் ரேடார் கருவியைச் சோதித்தவர், இயந்திரத்தின் எண்ணெய்க் கசிவைத் துடைத்தவர், பீரங்கிக்குக் குண்டு நிரப்பியவர், ஓடுபாதையில் விளக்கு வைத்தவர் என்று எத்தனை பேரின் கைகள் அதில் பட்டிருக்க வேண்டும்! ராயல் விமானப்படையை விட்டு நம்முடைய இந்திய விமானப்படையைப் பார்த்தாலும், யுத்த முடிவில் அதில் இருந்த சுமார் 28,500 பேரில் அதிகாரிகள் ஏறத்தாழ 1,600 பேரே. மற்றவர்களில் பெரும்பாலோர் தரையிலேயே நின்று உழைத்தவர்கள். நம் பக்கத்து அப்பாரு ஒருவர் "ஏரோப்ளேன் பட்டாளத்தில்" இருந்தார் என்றால், அவர் பறந்திருப்பார் என்பதைவிட, பிறர் பத்திரமாகப் பறந்து திரும்பும்படி விழித்திருந்தார் என்பதே அதிக சாத்தியம். அது ஒரு படி தாழ்ந்த சேவை என்று எண்ணுகிற பேரனுக்கு நான் மன்றாடிச் சொல்வேன்: அந்த விழிப்பு இல்லையேல் பிரிங்கும் இல்லை, கிராம்பியும் இல்லை.

புகழும்போது உண்மையை மறைக்கலாகாது. அதே 1943இல், அதே கல்கத்தாவின் வீதிகளில், பஞ்சத்தால் ஜனங்கள் விழுந்து மடிந்தார்கள். வங்காளம் முழுவதிலும் மாண்டவர்கள் முப்பது லட்சம் வரை என்று கணக்கிடப்படுகிறது. வானத்தைக் காக்க அத்தனை சிரத்தை எடுத்துக்கொண்ட ஆட்சி, அரிசியின் விஷயத்தில் அதைக் காட்டவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி எதிரி பட்டப்பகலில் வந்தபோது கிதர்பூர்த் துறைமுகத்தில் கூலித் தொழிலாளர் பலர் இறந்தனர். பிரிங்கும் அன்றுதான் உயிர் நீத்தார். விமான நிலையத்தில் வேலை பார்த்த நம்மவர் இவற்றையெல்லாம் கண்ணால் கண்டு, ஊருக்குத் திரும்பி, வாய் திறவாமல் இருந்திருந்தால், அம்மௌனத்தை நாம் குறை கூற முடியாது.

லண்டன் நகரின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், விமானப்படை ஸ்குவாட்ரன்களின் தினக்குறிப்புகள் ஏர் 27 என்ற வரிசையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இன்ன இரவு இன்ன விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, யார் யார் சென்றனர், எப்போது இறங்கினர் என்பன அவற்றில் உண்டு. தரையில் நின்றவர்களின் பெயர்களோ அவற்றில் அபூர்வமாகவே தென்படும். ஆகையால் அவர்களுடைய சரித்திரம் வீட்டிலேதான் கிடைக்க வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியிலுள்ள விடுதலைச் சான்றிதழில் அவருடைய சேவை எண்ணும் தொழிற்பிரிவும் இருக்கும். பதக்கம் பர்மா நட்சத்திரமா, இந்தியா சேவைப் பதக்கமா என்று பார்த்தால், போர்முனைப் பிரதேசத்தில் இருந்தாரா, உள்நாட்டில் இருந்தாரா என்பது ஓரளவு விளங்கும். எண் கிடைத்தால் டில்லியிலுள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். இவற்றினும் முக்கியம், அவர் சொன்னதைக் கேட்ட அப்பத்தாவோ பெரியப்பாவோ உயிருடன் இருக்கையிலேயே, எந்த ஊரில் இருந்தார், என்ன வேலை செய்தார் என்பதைக் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வது. அத்தகைய குறிப்பு வைத்திருப்போர் இப்பத்திரிகைக்கு எழுதினால், அவர்கள் சம்மதத்தோடு இத்தொடரில் இடம் தர ஆவலாயிருக்கிறேன். அடுத்த வாரம், யுத்த காலத்துச் சூலூர் விமானத் தளத்துக்குச் செல்வோம்.